பல்லைத் தட்டிக் கையில்

டயர்காரருக்குக் கை முந்தும். வாய் அதற்கும் முந்தும். கடையில் லாரிச் சக்கரத்தை நெம்பிக் கழற்றிக்கொண்டே, எதிரில் நிற்பது யாரென்றுகூடப் பார்க்காமல், "இன்னொரு தடவை காத்தில்லாம ஓட்டிட்டு வந்தீங்க, உங்க தோலை உரிச்சுத்தான் இந்த டியூப்புக்கு ஒட்டுப் போடுவேன்" என்பார். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவருடைய அப்பாவும் அவரை அப்படிப் பேசித்தான் வளர்த்தார். என்ன, பேசியதில் பாதியைச் செய்தும் காட்டினார். அந்த அடியால்தான் தான் மனுஷனானதாக டயர்காரர் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு ஒரே பெண். குறைமாதத்தில், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி பிறந்ததால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது பட்டாணிக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் தோளைத் தாண்டிவிட்டாள். ஆனால் பேர் மட்டும் வளராமல் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பட்டாணி தங்கம். ஏழாம் வகுப்பில் அவள் இருக்கும் இடமே தெரியாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் வாய் திறக்க மாட்டாள். வீட்டுக்கு வந்தால் கதை வேறு. செருப்பைக் கழற்றி வரிசையாக வைப்பாள், பையை ஆணியில் மாட்டுவாள், கதவைத் தாழ்ப்பாள் போடுவாள். அதன்பிறகு அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். கையில் கிடைத்தது பறக்கும். தலையைச் சுவரில் மோதுவாள். தடுக்க வந்தால் கடிப்பாள். அம்மா மருந்துக்கடையில் காலை வேலை முடித்து, மகள் வருவதற்குள் ஓடி வந்து, கத்தி கரண்டியெல்லாம் மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டுக் காத்திருப்பாள். கொளுத்துகிற வெயிலிலும் அவள் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். காரணத்தைக் கடையில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பட்டாணிக்கு ஆறு வயதிருக்கும்போதே ஒரு டாக்டர் பார்த்து, ஆட்டிசம் என்று சொல்லியிருந்தார். பள்ளியில் சொல்லுங்கள், அவளுக்குச் சத்தம் தாங்காது, இடைவெளி வேண்டும் என்று பொறுமையாகத்தான் விளக்கினார். டயர்காரர்தான் சொல்லவிடவில்லை. "சொன்னா ஓரமா உட்கார வெச்சுருவாங்க. என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நீ இடம் கொடுக்கிறே, அவ தலைமேல ஏறி ஆடுறா. அவ்வளவுதான்." இரவு அவர் வீடு வரும்போது எல்லாம் அடங்கியிருக்கும். உடைந்ததைக் கூட்டி அள்ளியாகியிருக்கும். மகள் தூங்கியிருப்பாள். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்.

அன்றைக்கு மதியம் போன மின்சாரம் நாலு மணி ஆகியும் வரவில்லை. கம்ப்ரசர் ஓடாவிட்டால் கடையும் ஓடாது. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். மாடிப்படியில் கால் வைக்கும்போதே சத்தம் கேட்டது. கீழ்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று, "தினமும் இதே கூத்துதான். நீங்க இப்பதான் பார்க்கப் போறீங்க" என்றார்.

கதவை முட்டித் திறந்து உள்ளே போனவர் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார். அவர் மனைவி தரையில் மண்டியிட்டிருந்தாள். மகளின் இரண்டு கையிலும் அம்மாவின் தலைமுடி. இழுத்து இழுத்து அந்தத் தலையைக் கட்டில் காலில் மோதிக்கொண்டிருந்தாள் பட்டாணி. அம்மா அடிக்கவில்லை, கத்தவில்லை. மகளின் மணிக்கட்டுகளைத் தன் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, முடி பிய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வெளிய போங்க" என்றாள், தணிந்த குரலில். "பேசாதீங்க. தொடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அடங்கிருவா."

"பெத்தவளையே அடிக்கிற அளவுக்கு வந்தாச்சா?"

"கத்தாதீங்கன்னு சொல்றேன்ல!"

அவர் கேட்கிற ஆளா? லாரி டயரைத் தூக்கிப் போடுகிற கை. மகளை இடுப்போடு பிடித்துப் பிய்த்தெடுத்துத் தரையில் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினார். அவள் மீனாகத் துள்ளினாள். தலையைத் திருப்பி அவர் முன்கையில் பல்லைப் பதித்தாள். விடவில்லை. சதை கிழிவது அவருக்கே தெரிந்தது. வலியில் அவருடைய மறுகை தானாக ஓங்கியது. ஒரே அறை. அவள் பல்லும் விட்டது, அவர் பிடியும் விட்டது.

பட்டாணி எழுந்தாள். எங்கே ஓடுகிறோம் என்று பார்க்காமல் ஓடினாள். பால்கனிக்குப் போகிற கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. அவள் அதன் ஊடாகப் போனாள்.

கண்ணாடி சரசரவென்று விழுந்து ஓய்ந்தபோது அவள் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முழங்கையிலிருந்து ரத்தம் குபுகுபுவென்று வந்தது. டயர்காரர் ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் அவர் காதோரம் இடி விழுந்தது போலிருந்தது. அடுப்பில் கிடந்த இரும்பு வாணலியைத் தூக்கி மனைவி அடித்திருந்தாள். இரண்டாவது அடி தோளில்.

"அவகிட்டப் போனே, கொன்னுருவேன்" என்றாள்.

பதினைந்து வருஷத்தில் அவள் அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தோலை உரிப்பேன், எலும்பை எண்ணுவேன் என்று அவர் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னதைச் செய்யப்போகிறவரின் குரல் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரை வாசல்பக்கம் நிற்க வைத்துவிட்டார்கள். முழங்கையில் தையல், காலில் தையல். காலில் புதைந்த சில்லுகளை எடுக்க நர்ஸ் சீருடைப் பேன்ட்டைக் கத்தரித்தாள். கத்தரித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"இது கண்ணாடி கிழிச்சது இல்லையே" என்றாள்.

தொடை முழுக்கப் பிறை பிறையாகக் காயம். சில ஆறி வெளுத்திருந்தன, சில பக்கு கட்டியிருந்தன, சில இன்றைக்குப் பட்டவை. நகம் பதிந்த தடம். துணி மறைக்கிற இடத்தில் மட்டும். நர்ஸ் தலையைத் தூக்கி நேராக டயர்காரரைப் பார்த்தாள். அவர் மனைவியும் பார்த்தாள்.

"நான் இல்ல" என்றார் அவர். "சத்தியமா நான் இல்ல."

பட்டாணி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். யார் என்ன கேட்டும் பதில் இல்லை.

ஆனால் டயர்காரருக்கு அந்தத் தடம் தெரியும். அவர் படித்த காலத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். விடை தப்பினால் பக்கத்தில் கூப்பிட்டு, தொடைச் சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, சாவி திருகுகிற மாதிரி திருகுவார். அந்தத் தடம் இப்படித்தான் இருக்கும். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளியில் கிள்ளுகிறார்கள், பிள்ளை அங்கே வாய் திறக்க முடியாமல் வீட்டில் வந்து வெடிக்கிறாள். யோசிக்க யோசிக்க அவருக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. அடிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

மறுநாள் காலை, டயர் நெம்புகிற லிவரை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாட்ச்மேன் கேட்டைப் பிடித்தான். அவனோடு சேர்த்துக் கேட்டையும் தள்ளிக்கொண்டு போனார். ஏழாம் வகுப்பு வாசலில் கணக்கு ஆசிரியர் வருகைப் பதிவேட்டோடு நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, வாயில் சிரிப்பு.

"பட்டாணியோட அப்பாதானே? அவ ஏன் இன்னிக்கு..."

முதல் குத்திலேயே கண்ணாடி உடைந்தது. இரண்டாவது குத்தில் மூக்கு உடைந்தது. எலும்பு நகர்வது டயர்காரரின் முட்டியில் தெரிந்தது. ஆசிரியர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். டயர்காரர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். "பொம்பளப் புள்ளையத் தொடையில கிள்ளுவியா? கிள்ளுவியாடா? இந்தக் கை இருந்தாத்தானே கிள்ளுவே?" லிவர் வெளியே வந்தது. ஆசிரியரின் வலது கையைத் தரையோடு அழுத்தி, லிவரை ஓங்கினார். பிள்ளைகள் அலறினார்கள். பெஞ்சுகள் சரிந்தன.

"அங்கிள்! யாரும் கிள்ளல அங்கிள்!"

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, பட்டாணியின் பக்கத்தில் உட்காருகிறவள், வாசலில் நின்று கதறினாள். "அவளேதான் பண்ணிப்பா! பெல் அடிக்கும்போது. எல்லாரும் ஒண்ணாப் பேசும்போது. டெஸ்க்குக்குக் கீழ கைய வெச்சுக்கிட்டு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா அங்கிள். சாரை விட்டுருங்க!"

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அதற்குள் நான்கு பேர் பின்னாலிருந்து விழுந்து அமுக்கினார்கள். யாரோ முதுகில் மிதித்தார்கள். தரையில் கன்னம் அழுந்த அவர் கிடந்தபோது, ஒரு முழ தூரத்தில் கணக்கு ஆசிரியரின் முகம் தெரிந்தது. மூக்கிலிருந்து வழிகிற ரத்தத்தைத் துடைக்காமல், அவர் டயர்காரரையே விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்தது. ஸ்டேஷனில் அவருக்கும் இரண்டு மூன்று அறை விழுந்தது. கேஸ் எழுதிக்கொண்டு, கூப்பிடும்போது வரவேண்டும் என்று சொல்லி மாலையில் விட்டார்கள். உதடு கிழிந்து, சட்டைப் பொத்தான் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார். மனைவி வழிமறிக்கவில்லை, ஆனால் கட்டிலின் இந்தப்பக்கம் அவளும் அந்தப்பக்கம் அவரும் என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.

"பட்டாணி, உன்னை யாரும் கிள்ளலயா?"

"இல்ல."

"நீயேவாடா?"

"ஆமா."

"ஏன்?"

"சத்தம் வெளிய வராம இருக்க."

"வந்தா வந்துட்டுப் போகுது. அதுக்காக இப்படியா?"

அவள் கூரையைப் பார்த்தாள். இது தெரியாதா என்கிற பார்வை. "பல் போயிரும்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல். "ஒண்ணாங்கிளாஸ்ல நான் பெல்லுக்குக் கத்தினேன். உன்னை வரச்சொன்னாங்க. நீ நீலச்சட்டை போட்டிருந்தே. பாக்கெட்டுல கிரீஸ். கேட்டுக்கிட்ட என் தோளைப் பிடிச்சு நிறுத்திச் சொன்னே. இனிமே ஸ்கூல்ல உன் சத்தம் வந்துச்சுன்னா, பல்லைத் தட்டிக் கையில குடுத்துருவேன்னு. மறுநாள் பெல் அடிச்சப்ப ஒரு சின்னச் சத்தம் வந்துருச்சு. சின்னதுதான். முன்பல் விழுந்துருச்சு. என் கையிலதான் விழுந்துச்சு."

அதைச் சொன்ன ஞாபகமே டயர்காரருக்கு இல்லை. ஒருநாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை.

"அது பால்பல்லுடா கண்ணு. ஆடிட்டு இருந்திருக்கும். எல்லாருக்கும்தான் விழும்."

"தெரியும். மூணாங்கிளாஸ்ல சயின்ஸ்ல வந்துச்சு. ஆனா அதுக்குள்ள நிறையப் பல் விழுந்துருச்சு. ஒவ்வொண்ணு விழும்போதும், நான் எப்பச் சத்தம் போட்டேன்னு யோசிச்சுப் பார்ப்பேன். அப்புறம் எனக்குப் பழகிருச்சு. நீயும் சொன்னதை வாபஸ் வாங்கல."

"அப்ப வீட்டுல மட்டும் ஏன்..."

"ஸ்கூல்லன்னுதான் சொன்னே. வீட்டைப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லல."

மனைவி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள். அங்கிருந்து வந்த சத்தம் சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாக மனைவி தன் உடம்பில் வாங்கிய அத்தனை அடியும், யாரோ போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்கு. அந்த யாரோ அவர்தான். முந்தின நாள் மகளை அறைந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டார்.

"வாபஸ்" என்றார். "வாபஸ் வாங்கிட்டேன்."

"முழுசாச் சொல்லு."

"ஸ்கூல்ல நீ சத்தம் போட்டா, அப்பா உன் பல்லைத் தட்ட மாட்டேன்."

"எவ்வளவு சத்தம்?"

"எவ்வளவு வருதோ அவ்வளவு."

"காலை உடைச்சு அடுப்புல வைப்பேன்னு சொன்னது? முதுகுத்தோலை உரிப்பேன்னு சொன்னது? வெட்டிக் கூறு போடுவேன்னு?"

ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கினார். அவள் விடவில்லை. எப்போது, எங்கே, யார் முன்னால் சொன்னது என்று சொல்லிச் சொல்லி வாங்க வைத்தாள். மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாள். மாமாவின் கல்யாணத்தில் சொன்ன ஒன்றுக்கு வரும்போது அவருக்குக் குரல் உடைந்துபோனது. பட்டாணி அவர் முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததற்குப் போனாள்.

வீடு திரும்பியதும் மனைவி ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். "நீங்க கடையிலயே படுத்துக்குங்க. சோறு அனுப்பறேன். அவ வான்னு சொல்ற அன்னிக்கு வாங்க." டயர்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். ரப்பர் நாற்றத்தில், டயர்களுக்கு நடுவே படுத்தார். அந்த வாரம் கடையில் அவர் யாருடைய தோலையும் உரிக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று லாரிக்காரர்கள் விசாரித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் மனைவிதான் போய்ப் பேசினாள். அவரைக் கேட்டுக்குள் விடக்கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு. எதிர்ச்சாரியில் நின்றார். உள்ளே டாக்டர் எழுதிக்கொடுத்ததைக் காட்டி, ஆறு வருஷம் முன்பே சொல்லியிருக்க வேண்டியதை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, மூக்கில் பிளாஸ்திரியோடு கணக்கு ஆசிரியர் கேட்டுக்கு வந்தார். டயர்காரர் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிடாதீங்க" என்றார் ஆசிரியர். மூக்கடைத்த குரல். "கேஸை நான் வாபஸ் வாங்கப் போறதில்ல. நேத்து யாரோ பலகையைத் தட்டினாங்க, நான் மேஜைக்குக் கீழ குனிஞ்சிட்டேன். பிள்ளைங்க முன்னாடி. அது உங்களாலதான்."

"சரி சார்."

"அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. என் கண்ணு முன்னாடி ரத்தம் வர்ற மாதிரி கிள்ளிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நான் அவளை நல்ல பொண்ணுன்னு மத்தவங்களுக்கு உதாரணம் காட்டியிருக்கேன். இனிமே பெல்லுக்கு முன்னாடியே அவ வெளிய போயிரலாம். மேப் ரூம் காலியாத்தான் இருக்கு. எப்ப வேணா போய் உட்காரட்டும். மத்தவங்க பேச்சை நான் பார்த்துக்கறேன். நீங்க மட்டும் இந்தப் பக்கம் வராதீங்க."

தையல் பிரித்து அவள் பள்ளிக்குப் போன இரண்டாம் நாளே யாரோ ஒரு பெஞ்சைத் தரையில் இழுத்தார்கள். பட்டாணி கத்தினாள். ஆறு வருஷத்துச் சத்தம். மூன்று வகுப்புகள் எழுந்து ஓடிவந்தன. அவள் தன் டெஸ்க்கைக் கவிழ்த்தாள், தடுக்க வந்த ஆயாவின் கன்னத்தில் நகத்தால் கோடு போட்டாள். மேப் ரூமில் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு, யாரும் பேசாமல் வெளியே நின்றார்கள். மறுநாளே சில பெற்றோர் புகார் எழுதினார்கள். தங்கம் என்றவர்களே தகராறு என்றார்கள். தலைமையாசிரியை மனைவியைக் கூப்பிட்டு, "இவ்வளவு நாள் நல்லாத்தானே இருந்தா?" என்று கேட்டார். மனைவி முழுக்கை ரவிக்கையின் கையைத் தோள்வரை சுருட்டிக் காட்டினாளாம். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. ஆனால் புகார்கள் நின்றபாடில்லை.

அதற்குள் மகளின் தொடையில் புதுக்காயம் வருவது குறைந்திருந்தது. டயர்காரர் கனமான டியூப்பில் கைக்கடக்கமாக ஒரு துண்டு வெட்டி, ஓரமெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கி, அமுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தனுப்பினார். "நாத்தம்" என்று திரும்பி வந்துவிட்டது.

பிறகு ஒரு சாயங்காலம் மனைவியிடமிருந்து போன் வந்தது. மருந்துக்கடையில் அடுத்த ஆள் வரவில்லை, அவளால் கிளம்ப முடியாது. "நீங்க போங்க. தொடாதீங்க. பேசாதீங்க. கதவுக்கு வெளிய நில்லுங்க, போதும்."

அன்றைக்கு மேப் ரூமை வேறு எதற்கோ பூட்டியிருந்தார்களாம். பட்டாணி படியேறும்போதே முகம் சிவந்திருந்தாள். செருப்பு, பை, தாழ்ப்பாள். அவரைக் கண்டதும் முக்காலியைத் தூக்கி எறிந்தாள். அது அவர் முழங்கால் சில்லில் பட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. கை ஓங்கவில்லை என்று சொன்னால் பொய். ஓங்கியது. அவர் அந்தக் கையைக் கதவு நிலையில் ஓங்கிக் குத்திக்கொண்டு, நொண்டியபடி அறையைவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். விளக்கை அணைத்தார். உள்ளே அவள் மெத்தையை உதைத்தாள், சுவரை உதைத்தாள், அலறினாள். அவர் கைமுட்டியிலிருந்து ரத்தம் சொட்டியது.

கீழ்வீட்டுப் பெரியவர் படியேறி வந்து வாசல் கதவைத் தட்டினார். "கட்டிப்போட்டு ரெண்டு இழுப்பு இழுத்தா எல்லாம் சரியாயிரும். வளர்க்கத் தெரியணும்!"

ஒரு மாதம் முன்பு அதே வார்த்தையை டயர்காரரே சொல்லியிருப்பார். இப்போது பெரியவரின் பனியனைப் பிடித்து, கால் தரையில் படாமல் இரண்டு படி கீழே இறக்கி நிறுத்தினார். அடிக்கவில்லை. அவர் காதருகே போய், "மெதுவாப் பேசுங்க. அவளுக்குச் சத்தம் ஆகாது" என்றார். பெரியவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வெகுநேரம் கழித்து உள்ளே சத்தம் நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. பட்டாணியின் முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. இருட்டில் அவரைத் தேடிப் பார்த்தாள்.

"தண்ணி" என்றாள்.

கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு நகர்ந்தார். அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

"அம்மா எப்ப வருவா?"

"வந்துட்டு இருக்கா."

"நீ இங்க நின்னா எனக்கு வயித்துல இறுக்கிப் பிடிக்குது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தாகமாக இருக்கிறது என்பது போலச் சொன்னாள். "படிக்கட்டுல உட்காரு. அங்க உட்கார்ந்தா இவ்வளவு இல்ல."

டயர்காரர் சரி என்றார். படிக்கட்டில் போய் உட்கார்ந்து, வீங்குகிற முழங்காலை நீட்டிக்கொண்டார். கீழே தெருவில் ஏதோ லாரி பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. உள்ளே அவள் முக்காலியை எடுத்து நிமிர்த்தி வைப்பது கேட்டது.